சாமி அறையில் ஏசி

போன மாசியில் என் மனைவி இதயச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் ஏழு, விதித்த கட்டுப்பாடுகள் ஐந்து. ஐந்தில் ஒன்றுதான் எங்களை ஆட்டிவைத்தது. வெயில் காலத்தில் அவள் வெக்கையில் இருக்கக் கூடாது. திருச்சியில் இருக்கும் மகள் தன் ஃப்ளாட்டில் ஏசி அறையை ஒழித்து வைத்துவிட்டாள். பங்குனி முடிவதற்குள் இங்கே ஓர் அறையாவது குளிர வேண்டும். இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான். நாற்பத்தாறு வருடமாக இந்த வீட்டில் இருப்பவள் சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கீரனூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தார். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, நாட்டு ஓடு வேய்ந்தது. ஐந்து அறைகளில் நான்கில் அண்ணாந்தால் ஓட்டிடுக்கில் வெளிச்சம் தெரியும். எவ்வளவு குளிரவைத்தாலும் அந்த வழியே போய்விடும் என்றார். கீழே பிளாஸ்டிக் பலகை அடித்து மூடிவிடலாமா என்று கேட்டார். பதினொரு தேக்கு உத்திரங்களையும் மறைக்க எனக்கு மனமில்லை. மரப்பலகை மச்சு போட்டது ஓர் அறைதான். அது சாமி அறை.

அங்கே படம் கிடையாது. சுவரில் மூன்று குங்குமப் பொட்டு, மேலே தொங்கும் ஓலைப் பெட்டியில் ஒரு சேலை. எங்கள் குடும்பத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்ணுக்காக, பங்காளிகள் ஐந்து வீடும் கூடி ஆண்டுக்கொரு முறை புதுச்சேலை வைத்துப் படைப்போம். மற்ற நாளில் விளக்கேற்றுவதோடு சரி. யாரும் அங்கே படுத்ததில்லை. வீடு என்னுடையதானாலும் அந்த அறை ஐவருக்கும் பொது.

மற்ற நான்கு வீட்டுக்கும் நடந்தேன். மூன்று வீட்டில், மதினி சொன்னால் சரி என்றார்கள். மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. வயது எண்பத்திரண்டு. படைப்பில் சேலையை எடுத்து வைப்பவர் அவர்தான். சொல்லவேண்டிய காரணங்களை வழியெல்லாம் எண்ணிக்கொண்டு போனேன், ஒன்பது வந்தது. மூன்றாவதிலேயே கையமர்த்திவிட்டார்.

“கொழுந்தனாரே, நாம யாருக்குப் பொடவை வச்சுப் படைக்கிறோம்?”

நான் நான்காவது காரணத்தை ஆரம்பித்தேன்.

“அவுகளும் பொம்பளதான. ஓட்டு வீட்டு வேக்காடு அவுகளுக்குத் தெரியாதா? ஒங்களுக்குத்தான் தெரியாது. நீங்க தாழ்வாரத்துல காத்தாட பேப்பர் படிச்சவுக.”

இரண்டு நிபந்தனைகள் மட்டும் போட்டார். ஏசி பொட்டுக்கு எதிர்ச்சுவரில் இருக்க வேண்டும். படுப்பவர் கால் பொட்டுப் பக்கம் நீளக் கூடாது.

சுவர் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி மெருகிட்டது, முகம் தெரியும். கனம் இருபத்தேழு அங்குலம். மெக்கானிக்கின் துளையிடும் கம்பி பதினாறு அங்குலம். இரண்டு பக்கமும் துளைத்து நடுவில் சேர்க்க வேண்டும். அவர் அளவில் எனக்கு நம்பிக்கையில்லை. கதவு நிலைக்கட்டையிலிருந்து நானே அளந்து இரண்டு பக்கமும் பென்சிலால் குறித்தேன். உள்பக்கம் மெருகு உதிராமல் துளை விழுந்தது. மூச்சு விட்டேன். வெளிப்பக்கமும் துளைத்துவிட்டு அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஐயா, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காமலே போகுதுங்க.”

உள்ளே நிலையின் உள் விளிம்பிலிருந்தும் வெளியே அதன் வெளி விளிம்பிலிருந்தும் அளந்திருக்கிறேன். நான்கு அங்குலம் தப்பு. வெளியே இன்னொரு துளை போட்டு, வீணானதைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தோம். நாற்பத்தாறு வருடத்தில் நான் தப்பாகக் கணக்குப் போட்டது இது ஒன்றுதான் என்று மனைவியிடம் சொன்னேன்.

“ரெண்டு” என்றாள். இன்னொன்று எது என்று இதுவரை சொல்லவில்லை.

சித்திரை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. மத்தியானம் அவள் அந்த அறையில் நன்றாகத் தூங்குகிறாள். மதினியும் பன்னிரண்டரைக்குத் தலையணையோடு வந்துவிடுகிறார். நேற்று மகள் போன் செய்தாள். திருச்சிக்கு வரவில்லை என்று மனைவி முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். “நீ பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இங்கிட்டு வா. ரூம் ஜில்லுனு இருக்கு.”

அறையை உடனே அளந்தேன். அகலம் பன்னிரண்டு அடி. மகள், பேரப்பிள்ளைகள் மூவர், மனைவி, நான் என்று ஆறு பேர், மதினியோடு ஏழு. மதினி கொஞ்சம் ஒடுங்கிப் படுத்தால் சரியாக இருக்கும். அதை அவரிடம் யார் சொல்வது என்றுதான் தெரியவில்லை.