கடல் படுகையும் வாழைப் படுகையும்

கடலுக்கு அடியில் எண்ணெய் தேடுகிற எங்கள் தொழிலில் ‘இருக்கிறது’ என்றும் எழுத முடியாது, ‘இல்லை’ என்றும் எழுத முடியாது. இந்த அவஸ்தை தெரிந்தவர்கள் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடலாம்.

உப்புத் தண்ணீர்

ஒருமுறை நான் குறித்துக் கொடுத்த இடத்தில் கடலில் துளை போட்டார்கள். உப்புத் தண்ணீர்தான் வந்தது. வேலை போய்விடும் என்று பயந்துகொண்டே மேலதிகாரியின் அறைக்குள் போனேன். அவர் என் அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ‘வாய்ப்பு அதிகம்’ என்றுதான் இருந்தது. அவர் முகம் தெளிந்தது.

“இருக்குன்னு நீங்க எங்கயும் சொல்லலையே சார். பொழச்சீங்க!”

படுகை

லீவில் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்திருந்தேன். மண்ணச்சநல்லூரிலிருந்து என் மனைவியின் தம்பி குமார் வாழைத்தாரோடு வந்தான். மேஜைமேல் என் வரைபடம் விரிந்து கிடந்தது.

“என்ன மாமா இது?”

“காவிரிப் படுகை” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மணலும் சேறும் யுகக்கணக்கில் அடுக்கடுக்காகப் படிந்த பள்ளத்தை நாங்கள் படுகை என்போம். அவனுக்குப் படுகை என்றால் கொள்ளிடக் கரையில் அவன் வாழை போட்டிருக்கும் நிலம். இது கடல்தானப்பா என்று நீலத்தைக் காட்டினேன். அவன், எண்ணெய் இருக்கலாம் என்று நான் குறித்திருந்த சிவப்புத் திட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கடலைப் போய் யாராவது படுகைம்பாங்களா மாமா?”

மலைக்கோட்டைப் பாறை

பத்தே நாளில் குமார் தோட்டத்தை வாங்க ஆள் பார்த்துவிட்டான். எண்ணெய்க் கம்பெனி துளை போட வருவதற்குள் விற்றுவிட வேண்டுமாம். பஸ் பிடித்து ஓடினேன். “உன் வாழைக்கு அடியில இருக்கறது மலைக்கோட்டைப் பாறைதான், அதுல எண்ணெய் கிடைக்காது. எங்க படுகை கிழக்கே தள்ளித்தான் ஆரம்பிக்குது” என்று தொண்டை வறளச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“அப்ப இங்க ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் விக்கல.”

ஒரு வரி

பேனாவை எடுத்தேன். அங்கே எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கை மட்டும் ‘வாய்ப்பு மிகமிகக் குறைவு’ என்று எழுதிவிட்டது. பழக்கமா, பிற்காலத்தில் யாராவது காகிதத்தை நீட்டிக் கேட்பார்கள் என்ற பயமா? இன்றுவரை என்னையே சந்தேகப்படுகிறேன். குமார் இரண்டு தடவை படித்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மறுவாரம் தோட்டத்தை விற்றேவிட்டான். எழுதிக் கொடுத்த அன்று நான் கிளம்பும்போது அவன் கேட்டது இதுதான்:

“கொறைவுன்னா கொஞ்சம் இருக்குன்னுதானே மாமா அர்த்தம்?”

ஆழ்கடலுக்கு அடியில் இருப்பதை ஊகித்தே வயிறு வளர்த்த எனக்கு, நிச்சயமாகத் தெரிந்திருந்தது அந்த ஒரு தோட்டத்தின் அடிநிலம் மட்டும்தான்.