எடுக்காமல் விட்ட பச்சை வளையம்

நான் பொய் சொன்னேன். ஒரு மனிதர் மூன்று வருடம் வளர்த்த உயிரை அந்தப் பொய்யால் கொன்றேன்.

பதறாதீர்கள்... அந்த உயிர் கட்டைவிரல் உயரத்துப் பொம்மை. சிரிக்கிறீர்களா? முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

சத்துவாச்சாரியில் யாஸ்மின் வீட்டு மாடியில், ஞாயிறு மதியங்களில் நாங்கள் நால்வர் கூடிக் கதை விளையாட்டு ஆடுவோம். யாஸ்மின் கதையை நடத்துவாள். அவள் கணவரும் அருளும் நானும் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிப் போரிடுவோம். அருளும் நானும் ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனி. அவர் கட்டிங் சூப்பர்வைசர்; நான் ஆபீசில்.

அவருடைய பாத்திரம் மருதி என்னும் வைத்தியச்சி. அந்தப் பொம்மைக்கு அவரே வண்ணம் தீட்டியிருந்தார். வெட்டி மிஞ்சிய தோலில் குட்டி வளையங்கள் செய்துவந்தவரும் அவர்தான். விஷம் ஏறிய பொம்மைக்குப் பச்சை, மயங்கியதற்கு நீலம். நிலை தெளிந்ததும் வளையத்தை எடுத்துவிட வேண்டும். போடுவதும் எடுப்பதும் என் வேலை.

“மாலா, பச்சை குடுங்க” என்று சில சமயம் கை நீட்டுவார். உள்ளங்கையில் வைப்பேன். வாரம் முழுவதற்கும் எனக்கு அது போதும்... போதுமா? போதவில்லை! ஒருநாளும் போதவில்லை.

அவருக்கு எத்தியோப்பியாவில் வேலை கிடைத்தது.

“பத்து நாள்ல கெளம்பறேன். இன்னைக்கே சண்டைய முடிச்சிடலாம். மருதிய அவ பொறந்த மலையூர்ல கொண்டுபோய் உட்டுட்டா எனக்கு நிம்மதி” என்றார்.

இன்றே முடிந்துவிட்டால்? இடையில் இன்னொரு ஞாயிறு இருந்தது. முடியாவிட்டால் அவர் வந்தாக வேண்டும்... அப்படித்தான் நினைத்தேன்.

குகை மிருகம் மருதியின் மேல் விஷம் கக்கியது. பச்சை வளையம் போட்டேன். எங்கள் இருபது முகப் பகடையில் பதின்மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் விஷம் இறங்கும். அருள் உருட்டினார். அதே நொடியில் அவருடைய அம்மா போனில் அழைத்தார்.

“நம்பர் பாத்து வைங்க, மாலா” என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனார். யாஸ்மினும் கணவரும் டீ எடுக்கக் கீழே இறங்கியிருந்தார்கள்.

பதினான்கு விழுந்திருந்தது.

என் விரல் நீண்டது. வளையத்தை எடுக்கவில்லை... பகடையைத் திருப்பி வைத்தது!

“இன்னா விழுந்துச்சு?”

“பன்னெண்டு.”

“அடடா! ஒண்ணுல போச்சே” என்று சிரித்தார். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை.

விஷம் இறங்காததால் மருதி மயங்கி விழுந்தாள். என் முறை வந்ததும் எழுப்பிவிடலாம், சண்டை இழுத்துக்கொண்டே போகும் என்று நம்பினேன். ஆனால் எனக்கு முன்னால் மிருகத்தின் முறை. யாஸ்மின் பகடையை உருட்டினாள். எண்ணைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“அருள்... மருதி போய்ட்டா.”

“பரவால்ல, உடு” என்றார் அவர். பொம்மையை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். சுற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது...

“அடுத்த ஞாயிறு வருவீங்கள்ல?” என் குரல் எனக்கே கேவலமாக ஒலித்தது.

“இன்னாத்துக்கு மாலா? மருதியே இல்லியே.”

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம் அல்லவா? திறந்திருந்தால் எல்லாரும் ஒத்துக்கொண்டு அந்தச் சுற்றை மீண்டும் ஆடியிருப்பார்கள். மருதி எழுந்திருப்பாள். ஆனால் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்களே! அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு பொம்மையைக் கொல்ல இருந்த துணிவு...

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. நான் போயிருந்தேன். மூவரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

போன மாதம் எத்தியோப்பியாவிலிருந்து குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். பின்னால் மிஷின் சத்தம். “இங்க ஃபேக்டரி பசங்களோட புதுசா ஆட ஆரம்பிச்சிருக்கேன், மாலா. எல்லாம் நம்பர ஏமாத்துறானுங்க! உங்கள மாதிரி நேர்மையா ஒரு ஆள் இங்க கெடைச்சா போதும்.”

எத்தனை முறை கேட்டேனோ... அந்தக் குரலுக்காகவும் கேட்டேன், அந்த ஒரு சொல்லுக்காகவும் கேட்டேன். எது அதிகம் வலித்தது என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு பதில் அனுப்பினேன்: “கண்டிப்பா கெடைப்பாங்க.”