முருகனிடம் மாமா கேட்டது

நான் டாக்டராக ஆசைப்பட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஏழைகளுக்குச் சேவை, ஊருக்கு உழைப்பு என்பதெல்லாம் பின்னால் இண்டர்வியூவுக்காக மனப்பாடம் செய்தவை. ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகிப் பெரியாஸ்பத்திரியில் இருந்தாள். நான் தினமும் கஞ்சித் தூக்கோடு போவேன். பக்கத்துக் கல்லூரியில் டாக்டருக்குப் படிக்கும் பெண்கள் வெள்ளைக் கோட்டுடன் கூட்டமாக வருவார்கள். கோட்டுப் பையிலிருந்து வறுத்த கடலையை எடுத்துக் கொறித்துக்கொண்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு, ஆண்கள் வார்டுக்குள்கூட விறுவிறுவென்று போவார்கள். எங்கே போகிறாய், ஏன் சிரிக்கிறாய் என்று ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை. எனக்கு அது போதும். சேர்ந்தால் இந்தக் காலேஜில்தான் சேருவது என்று அந்த வாரமே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்தால் ஆயிற்றா? எனக்குத் தாய்மாமன் ஒருவர் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. நாகமலை புதுக்கோட்டையில் உரக்கடை வைத்திருந்தார்; ஊரில் கொஞ்சம் வயலும் உண்டு. நான் பிறந்து தொட்டிலில் போட்டபோதே, இவள் இவனுக்கு என்று பேசிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது பேச்சே இல்லை, பல் முளைப்பது மாதிரி தானாக நடப்பது. எனக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். சட்டையில் எப்போதும் உர வாடை அடிக்கும். அதிகம் பேசமாட்டார். வீட்டுக்கு வந்தால் அப்பாவிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, அம்மாவிடம் ஒரு வார்த்தை, என்னிடம் ஒன்றும் கிடையாது. ஒரு கட்டு முருங்கைக்காயை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர்மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. அந்தக் காலேஜுக்கும் எனக்கும் நடுவில் அவர் நிற்கிறார் என்ற எரிச்சல்தான்.

எழுபதுகளின் நடுவில், நான் பி.யூ.சி. பரீட்சை எழுதி முடித்த கோடையில், அம்மா பேச்சை எடுத்தாள். மாமாவும் அன்று வந்திருந்தார். பழங்காநத்தத்தில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் அப்பா ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"எந்தம்பிக்கும் வயசு ஏறிக்கிட்டுப் போகுது. இவ டாக்டருக்குப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அவன் காத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்றாள் அம்மா.

அப்பா மில்லில் டைம் கீப்பர். எந்த விஷயத்தையும் நேரம் குறித்து முடிப்பவர். "சீட்டு கெடைச்சாப் படிக்கட்டும். மாப்ளைக்கு வேற எடத்துல பாப்போம். கெடைக்கலைன்னா தை மாசம் கல்யாணத்த வச்சிருவோம். என்ன மாப்ள?" என்றார்.

"சரி மச்சான்," என்றார் மாமா. அவ்வளவுதான். கடைக்கு லோடு வருகிறது என்று கிளம்பிவிட்டார். கதவுக்குப் பின்னால் எனக்குத்தான் கை கால் நடுங்கியது. என் வாழ்க்கையை இரண்டு வாக்கியத்தில் பாதியாக வெட்டி, எந்தப் பாதி எனக்கு என்பதைச் சீட் கொடுக்கும் யாரோ ஒரு கமிட்டியின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமைகள் தொடங்கின. மாமா வாராவாரம் வெள்ளிக்கிழமை விடியலில் நாகமலையிலிருந்து திருப்பரங்குன்றத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போய், முருகனைக் கும்பிட்டுவிட்டு, மலையைச் சுற்றி வந்தார். திரும்புகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் மணி அடித்து அம்மாவிடம் விபூதிப் பொட்டலத்தைக் கொடுப்பார். அதுவரை கோயில் பக்கம் அதிகம் போகாத மனிதர். தெருவுக்கே அது வேடிக்கையாகிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை தண்ணீர்க் குழாயடியில் வைத்து என்னைச் சீண்டுவாள்.

"ஒம்மாமன் முருகனையே வளைச்சுப் போட்டுட்டாருடி. இனிமே ஒனக்கு எங்குட்டு சீட்டு வரும்? பேசாம முகூர்த்தச் சேலைக்கு நெறத்தப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதர் எனக்குச் சீட் கிடைக்கக் கூடாது என்று கடவுளிடம் போய் நிற்கிறார், அதுவும் வாராவாரம், அதுவும் சைக்கிளில் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. விட்டேனா நான். அவர் முருகனிடம் போனால் நான் மீனாட்சியிடம் போவது என்று கிளம்பினேன். பெற்றவளிடம் சொல்லிவைத்தால் பிள்ளை தட்டமாட்டான் என்பது என் கணக்கு. அவருடைய வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நான் வியாழக்கிழமையே போய்விடுவேன். சந்நிதியில் நின்று, "அவர் நாளைக்கு வந்து என்ன கேட்டாலும் ஒம்புள்ளையைக் காதுல வாங்காம இருக்கச் சொல்லு," என்று வேண்டிக்கொள்வேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று கண்ணீர் விட்டுத்தான் கேட்டேன்.

இண்டர்வியூவுக்குக் கார்டு வந்தது. நான் ஆசைப்பட்ட அதே கல்லூரியில்தான் இண்டர்வியூ. அப்பாவும் நானும் டவுன் பஸ்ஸில் கிளம்பினோம். சிம்மக்கல்லில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் மாமா சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. பஸ் நகர்ந்தால் எழுந்து நின்று மிதிக்கிறார், பஸ் நின்றால் காலை ஊன்றி மூச்சு வாங்குகிறார். வைகைப் பாலம் முழுக்க அப்படியே வந்தார். கல்யாணம் ஆகாத முறைப்பெண்ணோடு ஒரே பஸ்ஸில் வந்தால் ஊர் பேசும் என்று சைக்கிளில் வருகிறார் என்பது புரிந்தது. எதற்காக வருகிறார் என்பதுதான் தப்பாகப் புரிந்தது. தோற்கிறேனா என்று பார்க்க வருகிறார் என்று நினைத்தேன்.

உள்ளே நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர். இங்கிலீஷில் கேட்டார்கள். எனக்குக் கேள்வி புரிந்தது, பதிலும் தெரியும். தமிழில் தெரியும். அதை இங்கிலீஷுக்கு மாற்றுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டபோது மனப்பாடம் செய்த ஏழைகளையும் மறந்துவிட்டேன். கடலை தின்றுகொண்டு போன பெண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதை எப்படிச் சொல்வது? ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, போகலாம் என்று தலையசைத்தார்.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் மாமா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவைத் தாண்டி, முதல்முறையாக என்னிடமே நேராகக் கேட்டார்.

"என்ன கேட்டாங்க புள்ள?"

"என்னத்தையோ கேட்டாங்க," என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவர் எதிரே இருந்த பெட்டிக்கடைக்குப் போய் ஒரு கலர் சோடா வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்து என்னிடம் கொடுக்கச் சொன்னார். பாதியை வைத்துவிட்டேன். மீதியை அப்பா குடித்தார்.

பிறகு காத்திருப்பு. தேர்வானவர்களுக்கு வீட்டுக்குத் தபால் வரும் என்றார்கள். ஒரு பிள்ளைத்தாச்சி எப்படி நாள் தள்ளுவாளோ அப்படித் தள்ளினேன். போஸ்ட்மேன் எங்கள் தெருவில் திரும்பினால் வாசலுக்கு ஓடுவேன். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. பி.எஸ்ஸி.க்காவது சேர்ந்துகொள் என்று அப்பா இரண்டு தடவை சொன்னார். சேர்ந்தால் இது கிடைக்காது என்று ஒரு பைத்தியக்காரப் பயம் எனக்கு. வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தச் சேர்க்கையும் முடிந்துபோனது. ஒருநாள் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது பழைய சேலையால் மூடி வைத்த புது எவர்சில்வர் குடமும் அண்டாவும் கையில் தட்டுப்பட்டன. சீர்ப் பாத்திரம். அம்மா வாங்கிச் சேர்க்கத் தொடங்கிவிட்டாள். நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சேலையை மறுபடி மூடிவிட்டு, குளிக்கிற இடத்தில் போய்த் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே அழுதேன்.

இல்லை என்று யாரும் வந்து சொல்லவில்லை. மாவு மில்லிலிருந்து அரைத்த மாவுத் தூக்கோடு வந்துகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் என்னோடு பி.யூ.சி. படித்த பெண் நின்றாள். கை மடிப்பில் வெள்ளைக் கோட்டை மடித்துப் போட்டிருந்தாள். கல்லூரி திறந்து ஒரு வாரம் ஆகிறதாம். "ஒனக்கு வரலையா?" என்று மெதுவாகக் கேட்டாள். நல்ல பெண். அவள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே வரவில்லை என்பது உறைத்தது. வீட்டுக்கு வந்து தூக்கை இறக்கி வைத்தேன். என் முகத்தைப் பார்த்த அப்பா பேப்பரை மடித்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அம்மா மாவைச் சலிக்க உட்கார்ந்தாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது.

மாமா நல்லவர். இதை நான் அவருக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொல்கிறேன். ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பிள்ளைகள் இரண்டு பிறந்தன. கடையில் நான் உட்கார்ந்தேன், வியாபாரம் பழகிவிட்டது. சந்தோஷமாக இருந்த நாட்களும் நிறைய. ஆனால் அந்தக் காலேஜ் இருக்கிற ரோட்டுப் பக்கம் அவர் என்னை ஒரு தடவைகூடக் கூட்டிக்கொண்டு போனதில்லை. ஆற்றுக்கு வடக்கே எங்கே போக வேண்டுமென்றாலும் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவார். "அந்தப் பக்கம் கூட்டம் புள்ள," என்பார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால், இலவசமாகப் பார்க்கும் பெரியாஸ்பத்திரியை விட்டுவிட்டுக் கே.கே. நகர் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஜெயித்த மனுஷனுக்கு அந்தப் பக்கம் பார்க்கக் கூச்சம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் எனக்கு உறுத்தும். கல்யாணத்துக்குப் பிறகு அவர் திருப்பரங்குன்றம் போகவே இல்லை. வேண்டியது கிடைத்தால் நேர்த்திக்கடனை முடித்தாக வேண்டும். இவர் மொட்டையும் போடவில்லை, காவடியும் எடுக்கவில்லை. "காரியம் முடிஞ்சதும் சாமிய மறந்துட்டீகளே," என்று குத்துவேன். சிரித்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

எண்பதுகளின் கடைசியில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. நாட்டு மருந்து, கிளினிக் எல்லாம் பார்த்தாயிற்று. வயிறு வீங்கிக் கால் வீங்கியபோது, வேறு வழியில்லாமல் பெரியாஸ்பத்திரியில்தான் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அப்போதும் காலேஜ் ரோட்டை விட்டுச் சுற்று வழியில்தான் வண்டியைப் போகச் சொன்னார். கண் மஞ்சளாகி, உதடு வெடித்துப் படுத்திருந்தார். வெள்ளைக் கோட்டுப் பெண்கள் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் இருந்தவரைக்கும் மாமா என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் என் பயத்தை அவரிடம் கொட்டினேன். முடிக்காத நேர்த்திக்கடன்தான் இப்படிப் படுத்துகிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றியிருந்தது.

"மாமா, முருகன்கிட்ட அன்னைக்கு என்ன நேந்துக்கிட்டீக? சொல்லுங்க. நான் போயி முடிச்சுட்டு வாரேன். ஒங்களுக்குச் சரியாயிரும்."

"முடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல புள்ள."

"மறைக்காதீக. என்னையக் கட்டிக்கணும்னு நேந்துக்கிட்டீக, நடந்துருச்சு. கடன வச்சா சாமி சும்மா விடுமா?"

அவர் கடைக்கணக்கு சொல்வதைப்போலச் சாதாரணமாகச் சொன்னார்.

"ஒனக்குச் சீட்டு கெடைச்சா மொட்ட போட்டுக் காவடி எடுக்குறேன்னு நேந்துக்கிட்டேன். கெடைக்கல. அப்புறம் எந்தக் கடன முடிக்கிறது?"

அத்தனை வெள்ளிக்கிழமைகளும் நான் அதற்கு முந்தின நாளே போய், அவர் கேட்பதைக் கொடுக்காதே என்று அழுதிருக்கிறேன். அவர் கேட்டதும் எனக்காகத்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்க வேண்டாம் என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"அப்ப என்னையக் கட்டிக்க ஒங்களுக்கு ஆச இல்லையா?"

"ஆச இல்லாமயா? அம்புட்டு ஆச இருந்துச்சு." மூச்சு வாங்கியது. "கதவுக்குப் பின்னாடி நின்னியே அன்னைக்கு, ஒங்காலு ரெண்டும் கதவுக்கு அடியில தெரிஞ்சுச்சு. நடுங்குச்சு. அதப் பாத்துட்டு எப்படிக் கேக்குறது?"

"எனக்கு சீட்டு கெடைச்சிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீக?"

"என்ன செய்ய? தெனமும் பஸ்ஸுக்குப் பின்னாடி சைக்கிள்ல வந்து, கேட்டுல விட்டுட்டுப் போயிருப்பேன்."

அந்த வாரமே போய்விட்டார். உடலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் கவனித்தேன், அந்தக் கல்லூரிக் கேட்டைத் தாண்டித்தான் வண்டி போகிறது. கல்யாணமான பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த ரோட்டில் போனது அன்றுதான்.

சாவு வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலைக்கோயிலுக்குப் போகக் கூடாது என்பார்கள். வருஷம் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை நான் திருப்பரங்குன்றம் போனேன். முருகனிடம் கேட்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அவர் நடந்த பாதையில் மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். ஜன்னலோரமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், வழி நெடுக பார்த்துக்கொண்டேதான் வந்தேன்.