பச்ச மண்ணு

மகளும் இன்னும் நாலு பேரும் தாங்கள் செய்த பீங்கான், சுடுமண் சிற்பங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். எது எப்போது விழுந்து உடையுமோ என்றே நான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மேசைமேல் சுடாத களிமண்ணில் சுருண்டு கிடந்தது ஒரு சிசு. விரிசல் விடாமலிருக்க மகள் அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். ஈர மண் வாசனை எழுந்ததுமே நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

அறுபதுகளின் கடைசி. கொரட்டூரில் எனக்கு ஆறு வயது. முழுகாமல் இருந்த அம்மாவுக்கு இந்த வாசனைமேல்தான் ஆசை. உடைந்த பானையோட்டை நனைத்து முகர்ந்து, நறுக் நறுக்கென்று கடிப்பாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தை சிரிப்பாள்.

"மண்ணையே துன்னுகினு கீறியே, மண்ணுதான் பொறக்கப் போவுது பாரு!"

அம்மாவும் சிரிப்பாள். எனக்குத்தான் சோறு இறங்காது. ஓடுகளைப் பொறுக்கி ஏரியில் எறிவேன். அம்மா வேறு ஓடு தேடிக்கொள்வாள்.

தம்பி பிறந்த அன்று ஓடிப்போய்ப் பார்த்தேன். துணிக்குள் அசையாமல் கிடந்தான். தொடப் போன கையை அத்தை தட்டிவிட்டாள்.

"தொடாதடி, பச்ச மண்ணு அது!"

பிறந்த குழந்தையை அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது எங்கே தெரியும்? அத்தை அந்தப் பக்கம் திரும்பியதும் அவன் காலை நறுக்கென்று கிள்ளினேன். தெருவே கேட்க வீறிட்டான். அத்தை வைத்த குட்டுகூட வலிக்கவில்லை.

கண்காட்சியில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டேன். "நல்லா கீறியாடா?"

"இன்னாக்கா, காலைலதான கேட்ட? ஒனக்கு வேற வேலயே இல்லியா?" என்று கத்தினான்.

கத்தட்டும். எனக்கு மூச்சு சீரானது.