செல்வராசு அண்ணன் அழ மறுத்த வெள்ளிக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகள் முகம் முழுக்க முல்தானி மட்டியைப் பூசிக்கொண்டு கூடத்தில் உலாத்திக்கொண்டிருந்தாள். பன்னீரில் குழைத்த மண். அது காய்ந்து, கன்னத்தில் மெல்லிய விரிசல் விட ஆரம்பித்த நேரத்தில் மின்விசிறியின் காற்று அதன் வாசனையைக் கொண்டுவந்து என் மூக்கில் வைத்தது. செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டுச் சிரித்தேன். “என்னப்பா, அவ்ளோ கேவலமாவா இருக்கேன்?” என்றாள், உதடு அசையாமல். இல்லையம்மா, என்று தொடங்குவதற்குள் முகம் கழுவப் போய்விட்டாள். அவளிடம் சொல்ல வந்ததை உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு முகம் கழுவும் அவசரம் இல்லையே?

எல்லாருக்கும் அது அழகுக்கான மண். எனக்கு அது அழுக்குக்கான மண். துபாயில் அல் கூஸ் பக்கம் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்பில் நான் டைம்கீப்பராக இருந்த காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாற்பது ஆண்களின் மேல் அதை மூட்டை மூட்டையாகத் தூவினார்கள். சினிமாவுக்காக. இந்தி சினிமாவுக்காக.

டைம்கீப்பர் என்றால் நேரத்தைக் காப்பவன் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதும் வேலை. கவிதை எழுதப் பிறந்தவன் என்ற நினைப்பு வேறு இருந்தது அப்போது. பெயர்களுக்கு நேராக ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதியதுதான் அந்த வயதில் நான் செய்த நீண்ட கவிதை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஊரெங்கும் கிரேன்கள். காலையில் கண் விழித்தால் வானத்தை யாரோ கோடு போட்டுக் கிழித்து வைத்ததுபோல் இருக்கும்.

இந்திப் படங்களுக்கும் எங்களுக்கும் ஏற்கெனவே உறவு இருந்தது. வியாழக்கிழமை மாலைகளில் கேம்பின் டிவி அறையில் குடும்பக் கதைகளாகப் போடுவார்கள். அம்மா பிரிவாள், அண்ணன் தம்பி பிரிவார்கள், கடைசியில் ஒரு ரயில் நிலையத்தில் எல்லாரும் சேர்வார்கள். பெஷாவர்க்காரரும் சிட்டகாங்காரரும் அரியலூர்க்காரரும் ஒரே இடத்தில் மூக்கை உறிஞ்சுவார்கள். என்னுடைய இந்தியைப் பாதி அந்தப் படங்களிடமும் பாதி ஃபோர்மேனிடமும் கற்றேன். அதனால் எனக்கு இந்தியில் காதலிக்கவும் திட்டவும் மட்டுமே தெரியும். நடுவில் உள்ளது எதுவும் தெரியாது.

இந்த இந்தியை நம்பித்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பம்பாயிலிருந்து ஒரு படக்குழு வருகிறது, வளைகுடாவுக்கு வந்த ஒரு தகப்பனின் கதை, நம்முடைய பாதிக் கட்டடத்தில் எடுக்கப் போகிறார்கள், நாற்பது பேர் வேண்டும், வெள்ளிக்கிழமை வார லீவு என்பதால் விருப்பப்பட்டவர்கள் வரலாம், பிரியாணி உண்டு. நீ மொழிபெயர்ப்பாளன். யல்லா, கிளம்பு!

வியாழன் மாலை கேம்பின் முடிதிருத்தும் அறை வாசலில் நின்ற வரிசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளைகள் நாற்பது பேர். மீசைக்குக் கறுப்பு மை, கழுத்துக்குப் பவுடர், யாரோ மெக்காவிலிருந்து கொண்டுவந்த அத்தர் ஒரு சின்னக் குப்பியில் கை மாறிக்கொண்டே போனது. பெட்டிகளின் அடியிலிருந்து, ஊருக்குப் போகும்போது போடுவதற்கென்று வைத்திருந்த சட்டைகள் வெளியே வந்தன. ஒரே இஸ்திரிப் பெட்டி, இருபது சண்டை.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இவர்கள் ஒவ்வொருவராக இறங்க, வாக்கி-டாக்கியோடு நின்ற உதவி இயக்குநர் பெண்ணுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. “யே க்யா ஹை? ஷாதி ஹை க்யா?” என்றாள் என்னிடம். கல்யாணமா நடக்கிறது என்ற கேள்விக்கு நான் என்ன பதில் சொல்ல? படம் எடுக்க வருகிறார்கள் என்றால் நல்ல சட்டை போட்டுக்கொள்வதுதானே மரியாதை? அவர்களுக்கோ அழுக்குத் தொழிலாளிகள் வேண்டும். ஆறு நாள் இருப்பதுபோல் இருந்திருந்தால் போதும். ஏழாவது நாள்தான் இவர்கள் மனிதர்களாக மாறி வந்து தொலைத்தார்கள்.

அப்போதுதான் முருகேஷ் பாய் வந்தார். மேக்கப்காரர். தாராவியில் பிறந்த திருநெல்வேலித் தமிழர், ஐம்பது வயது இருக்கும். உடம்பை முழுக்க மூடும் வேலை உடுப்பான கவரால்களை விநியோகித்துவிட்டு, பழைய காலுறைகளுக்குள் முல்தானி மட்டியை நிரப்பி, ஒவ்வொருவர் தோளிலும் தலையிலும் ‘பொத், பொத்’ என்று தட்ட ஆரம்பித்தார்.

“அரே, மூச்ச அடக்குங்கய்யா! இது டாப் கிளாஸ் புழுதி. பொம்பளைங்க காசு குடுத்துப் பூசிக்கிற மண்ணு.”

“பாய், வாரம்பூரா இதுலதான கெடக்கோம்? லீவு நாளுல ஊர்லருந்து வேற எறக்குமதி பண்ணிட்டு வந்தீங்களா?” என்றது வரிசையில் ஒரு குரல். முருகேஷ் பாய் அந்தக் குரலுக்கு இரண்டு தட்டு கூடப் போட்டார்.

வரிசையில் ஒருவர் மட்டும் நகர்ந்து நின்றார். கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கும் ஷட்டரிங் தச்சர் செல்வராசு அண்ணன். நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை. “எனக்கு மண்ணு வேணாம் பாய். நான் இப்படியே நிக்கறேன்.”

ஏன் என்று எனக்குத் தெரியும். அவர் விமானம் ஏறியபோது மனைவிக்கு ஏழாம் மாதம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவு. அவர் முறை வந்தபோது டவர் பாதிதான் எழும்பியிருந்தது, தச்சர்கள் யாரையும் விடவில்லை. பாப்பாவுக்கு மூன்றரை வயது. அப்பாவைப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் போனில் வாரம் ஒரு தடவை குரல் கேட்பாள். அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது அந்தப் போன்தான். ஒரு நாள் ரிசீவருக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள், ஓட்டையெல்லாம் பருப்பு. சுவரில் மாட்டிய போட்டோவைக் காட்டி இவர்தான் அப்பா என்றால், “அது பேசாது, அது மாமா” என்கிறாளாம். இதையெல்லாம் செல்வராசு அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சொல்லி முடித்ததும் பீடிக்காகப் பாக்கெட்டைத் தடவுவார்.

“சினிமான்னா நடப்பேன், திரும்புவேன், சிரிப்பேன்ல தம்பி? அவ பாக்கட்டும். போட்டாவுல இருக்கறவன் அசையறான்னு தெரியட்டும். அதுக்குத்தான் வந்தேன். பிரியாணிக்கு இல்ல.”

கடைசியில் முருகேஷ் பாய் ஒரு வழி சொன்னார்: கவராலை மேலே போட்டுக்கொள், கழுத்துப் பட்டன் இரண்டைத் திறந்துவிடு, கோடு தெரியும். அப்படியே ஆனது.

படப்பிடிப்பு என்பது தொண்ணூறு பங்கு காத்திருப்பு. சூரியனுக்கு, ஜெனரேட்டருக்கு, வேனை விட்டு இறங்காத கதாநாயகனுக்கு. காத்திருக்கத் தெரியாதவர்கள் எங்கள் ஆட்கள். பின்னணியில் பலகை சுமப்பதுபோல், ஆணி அடிப்பதுபோல் நடியுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நானும் அப்படியே மொழிபெயர்த்தேன். உணவு இடைவேளைக்குப் பிறகு வந்து பார்த்தால், காலையில் வெறும் கம்பிகளாக நின்ற இடத்தில் ஒரு சுவருக்கான ஷட்டரிங் முழுசாக நிற்கிறது. மட்டம் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, கான்கிரீட் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. காட்சித் தொடர்ச்சியைக் கவனித்த பெண் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாதிக் காட்சியில் சுவர் இல்லை, மீதியில் இருக்கிறது. “சும்மா எப்டி தம்பி ஆணி அடிக்கறது? கை வருமா?” என்று என்னைத்தான் கேட்டார்கள். பிரித்துப் போட ஒன்றரை மணி நேரம். அதற்குள் குளிர்கால வெயில் சாயத் தொடங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரு காட்சி. கதாநாயகன் ஒரு தொழிலாளியிடம் ஊரிலிருந்து வந்த கடிதத்தைக் கொடுக்கிறான். உள்ளே ஒரு குழந்தையின் புகைப்படம். தொழிலாளி அதைப் பார்த்து அழ வேண்டும். டைரக்டர், நரைத்த தாடிக்காரர், நாற்பது முகங்களையும் பார்த்துக்கொண்டே வந்து செல்வராசு அண்ணன் முன்னால் நின்றார். இவர்தான்.

முதல் டேக். கடிதத்தை வாங்கினார், பிரித்தார், போட்டோவைப் பார்த்தார், நிமிர்ந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கட். கேமராவைப் பார்க்காதே என்றார்கள். இரண்டாவது டேக்கில் கேமராவைப் பார்க்காமல் சிரித்தார். மூன்றாவதில் முருகேஷ் பாய் கண்ணில் கிளிசரின் விட்டார். கண்ணீர் தாரையாக ஓட, வாய் மட்டும் காதுவரை சிரித்தது. நான் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன்.

“அண்ணே, அழணும்ணே. கதைல அவருக்கு அழுகை வருது.”

“கதைல வரட்டும். எம்பொண்ணு மொத மொதல்ல பாக்கற அப்பன் அழுவற அப்பனாவா இருக்கணும்?”

டைரக்டரிடம் இதை எப்படிச் சொல்வது? என் இந்தியில் நடுவில் உள்ளது இல்லையே. “ஷர்மாத்தா ஹை,” என்றேன். வெட்கப்படுகிறார். ஏழு டேக். ஒவ்வொன்றிலும் சிரிப்பு. வெளிச்சம் கிரேனின் இடுப்புக்கு இறங்கிவிட்டது. நாற்பது பேரும் மண்ணோடு நிற்கிறார்கள், பசி, ஒருவர் சாயங்கால அஸர் தொழுகையை விட்டுவிட்டேன் என்று முணுமுணுக்கிறார். டைரக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார்: “அவனை அழவை. இல்லை, கலாஸ், முடிந்தது, மூட்டை கட்டுகிறேன். உன் மேனேஜரிடம் நீயே பேசிக்கொள்.”

இப்போது சொல்லப்போவதை இத்தனை வருடத்தில் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. லீவு பட்டியல் புதன்கிழமையே என் மேசைக்கு வந்திருந்தது. அதில் செல்வராசு அண்ணன் பெயர் இல்லை. இன்னும் ஒரு வருடம். சொன்னால் தச்சர்கள் யாரும் வரமாட்டார்கள், நாற்பது பேர் சேரமாட்டார்கள் என்று டிராயருக்குள் வைத்திருந்தேன். சனிக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

அவர் அருகே போனேன். கழுத்துப் பட்டனைச் சரிசெய்வதுபோல் குனிந்து, காதில் சொன்னேன். “அண்ணே, லீவு லிஸ்ட் வந்துடுச்சு. உங்க பேரு இல்ல.”

விலகினேன். கேமரா ஓடியது. அவர் கடிதத்தைப் பிரித்தார். யாரோ ஒரு பம்பாய்க் குழந்தையின் படம். அதைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு அந்த முகம், மெதுவாக, அடியிலிருந்து முட்டுக் கொடுத்த பலகைகளை ஒவ்வொன்றாக உருவியதுபோல் இறங்கியது. சத்தமே இல்லை. லைட்மேன்கள் அசையவில்லை. டைரக்டர் ‘கட்’ சொல்ல மறந்துவிட்டார். பிறகு எழுந்து கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேம்ப் வாசல் வரும்போது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “காலைலயே சொல்லிருக்கலாமே தம்பி,” என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் அதை எங்காவது கவிதையாக எழுதித் தொலைத்திருப்பேன்.

படம் வெளிவந்து, ஒரு மாதத்தில் திருட்டு விசிடியாகக் கேம்புக்கும் வந்தது. செல்வராசு அண்ணன் ஒன்றை வாங்கி, ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பினார். அரியலூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்தில் ஒரு பிளேயரை இரவல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பாப்பா அந்த இடம் வந்ததும் எழுந்து போய், பாவாடை நுனியால் டிவித் திரையைத் துடைத்தாளாம். அழுகிற முகம் மறைந்து வேறு காட்சி வந்ததும், தான் துடைத்ததில்தான் சரியாகிவிட்டது என்று திருப்தியாக வந்து உட்கார்ந்தாளாம். அதன்பிறகு போனில், “அழுதியா?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

அடுத்த வருடம் லீவில் போனவர் திருச்சியிலிருந்து எனக்குப் போன் செய்தார். அதே நீலக் கோட்டுச் சட்டை, முகம் முழுக்கச் சிரிப்பு, விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து கையை நீட்டியிருக்கிறார். பாப்பா அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். “இது இல்ல. எங்கப்பா அழுவும்,” என்றாளாம். “அப்புறம்?” என்றேன். “அப்புறம் என்ன தம்பி, அத யாரு சொல்லிக் குடுக்கணும்? தானா வந்துச்சு. அவளே வந்து தொடச்சா.”

அந்த கேம்ப் இன்று இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி முகப்போடு கார் விற்கிறார்கள். முடிதிருத்தும் அறை, டிவி அறை, சுரண்டி எண் எடுக்கும் போன் கார்டுகள், பாய் விரித்து விசிடி விற்றவர்கள், கிறுகிறுவென்று இந்தியாவரை போய்த் திரும்பும் எதிரொலியோடு பேசிய குரல்கள், எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைகூட அங்கே பழைய வெள்ளிக்கிழமை இல்லை, வார விடுமுறையையே நகர்த்திவிட்டார்கள். இப்போதைய குழந்தைகள் அப்பாவைக் கைக்குள் வைத்துத் தினமும் பார்க்கிறார்கள். பார்த்துச் சலித்து, “சார்ஜ் இல்ல, வைக்கறேன்” என்கிறார்கள்.

மகள் முகம் கழுவி முடிப்பதற்குள் நான் அந்தப் படத்தை இணையத்தில் தேடிவிட்டேன். இருந்தது. நீளம் குறைத்து ஏற்றியிருக்கிறார்கள்; கதாநாயகன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேராகப் பாட்டு. கடிதமும் இல்லை, செல்வராசு அண்ணனும் இல்லை. உடனே அவருக்குப் போன் போட்டேன். ஊரில்தான் இருக்கிறார், முழங்கால் வலி, கொஞ்சம் முந்திரித் தோப்பு. அவரிடமிருந்த விசிடியும் அந்த இடத்தில் மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறதாம், பாப்பா போட்டுப் போட்டுப் பார்த்ததில்.

“அழுதது போவட்டும் தம்பி,” என்றார். “ஏழு வாட்டி சிரிச்சனே, அது எங்கருக்கு?”

எங்கே இருக்கும்? பம்பாயில் ஏதோ ஒரு லேபின் குப்பையில். வெட்டிப்போட்டது வெட்டிப்போட்டதுதான். அதற்குள் அவரே, “இரு, பாப்பா வந்துருக்கா, அவகிட்ட குடுக்கறேன். நீதான பக்கத்துல நின்ன? எப்டிச் சிரிச்சேன்னு நீயே சொல்லு,” என்றார்.

போன் கை மாறும் சத்தம். பிறகு ஒரு பெரிய பெண்ணின் குரல். “சொல்லுங்க சித்தப்பா.”

முதல் டேக்கிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.