ஆஸ்பத்திரியில் நான், பதிவேட்டில் என் கையெழுத்து

வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். நின்றால் வரும், படுத்தால் உள்ளே போய்விடும். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது.

நான் நகராட்சியில் தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன். இடுப்பு உயரத்துக்கு இருக்கும் இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு வால்வைத் திருக வேண்டும். அன்று காலை ஒரு துருப்பிடித்த வால்வு மசியவில்லை. தம் கட்டித் திருகினேன். அதில் வந்த வினை. குடியிருப்பது ஆரணியில். வேலை பார்க்கும் நகராட்சி வேறு, வண்டியில் போய்வரும் தூரம். பெயர் எழுத மாட்டேன். பயம்தான்.

எனக்கு உடம்பில் எது வந்தாலும் முதலில் கேன்சர் என்றுதான் தோன்றும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். "படிப்பு ஏழாவது, பயத்துல எம்.ஏ." என்பாள் என் மனைவி செல்வி. இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்துவிட்டு டாக்டரிடம் போனேன்.

"இது குடலிறக்கம்" என்றார். (வயிற்றுச் சுவரில் பலவீனமான ஓர் இடம் வழியாகக் குடல் வெளியே பிதுங்குவது.) "கேன்சர் கிடையாது. ஆபரேஷன் பண்ணிட்டா சரியாயிடும். ஆனா ஆறு வாரம் கனமான வேலை செய்யக்கூடாது."

ஆபரேஷன்கூட பயமாக இல்லை. ஆறு வாரம் என்றாரே, அதுதான் பயம்.

எங்கள் லீவு விதிகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தற்செயல் விடுப்பு என்று ஒன்று, வருஷம் முடிந்தால் அதுவும் முடிந்துபோகும். ஈட்டிய விடுப்பு, வேலை செய்யச் செய்யக் கணக்கில் சேர்வது. மருத்துவ விடுப்பு, டாக்டர் சான்று வைத்து எடுப்பது. பின்னால் சொன்ன இரண்டையும் நான் தொட்டதே இல்லை. பெரிய நோய் ஒன்று எனக்கு வந்தே தீரும், அன்றைக்கு வேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தேன். இதுவோ எலுமிச்சம்பழம். இதற்குப் போய் லீவைக் கரைத்துவிட்டால் பெரிய நோய்க்கு என்ன செய்வேன்?

இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் வால்வு திருகினேன். இதைப் படிக்கும் யாராவது அப்படி ஒரு பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

எட்டாவது மாதம் ஒரு காலையில் வீக்கம் உள்ளே போகவில்லை. கல் மாதிரி இருந்தது. குழி ஓரத்திலேயே வாந்தி எடுத்தேன். அடுத்த தெருவில் திறந்துகொண்டிருந்த பாஷா ஓடி வந்தான். என் கூட வேலை பார்ப்பவன். இருவரும் ஒரே வண்டியில்தான் வேலைக்குப் போய் வருவோம். சாவியைக் குழியிலேயே விட்டுவிட்டு, என்னை ஆட்டோவில் போட்டு, வேலூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

"குடல் நெரிபட்டிருக்கு" என்றார் டாக்டர். (பிதுங்கிய குடல் துவாரத்தில் சிக்கி, ரத்த ஓட்டம் நின்றுபோவது. விட்டால் அழுகிவிடும்.) உடனே அறுக்க வேண்டும் என்றார்கள்.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது மனிதன் சாமியைக் கூப்பிடுவான். நான் பாஷாவின் கையைப் பிடித்து, "பாய், என் லீவு..." என்றேன்.

"தூ! உயிரு போவுது, லீவு கேக்குது இதுக்கு. நான் பாத்துக்கறேன், நீ போடா."

பார்த்துக்கொண்டான். அங்கேதான் எல்லாம் கெட்டது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தனுக்குக் குழந்தையின் பள்ளிக்கூடம், ரேஷன் கடை என்று வேலை வந்தால், இன்னொருத்தன் அவன் தெருக்களையும் சேர்த்துத் திறந்துவிடுவான். பம்ப் ஹவுஸில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் அவனுக்கும் ஒரு கையெழுத்தைப் போட்டுவிடுவான். தண்ணீர் வந்துவிட்டால் யாரும் கேட்பதில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பாஷா எனக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நாலு நாள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் ஓய்வு என்று சான்று கொடுத்தார்கள். செல்வி அதையும் லீவு கடிதத்தையும் கொண்டுபோய் ஆபீசில் கொடுத்தாள். அன்று மாலையே எங்கள் லீவு ஃபைல்களைப் பார்க்கும் மேடம் போன் செய்தார். என் மகள் வயசுதான் இருக்கும்.

"அண்ணா, உடம்பு எப்படி இருக்கு?"

"பரவாயில்லம்மா."

"ஆஸ்பத்திரி சீட்டுல அந்த நாலு நாளும் உள்நோயாளின்னு போட்டிருக்கு. எங்க ரெஜிஸ்டர்ல அதே நாலு நாளும் நீங்க டூட்டில இருக்கீங்க. ரெண்டுல எது நெசம்?"

எனக்குத் தையல் போட்ட இடத்தில் சுரீர் என்றது.

"அதுவும் அந்த நாலு நாள்தான் உங்க கையெழுத்து அழகா இருக்கு" என்றார்.

இதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்காமல் லீவு ஃபைல் நகராது. லீவு ஆர்டர் வராவிட்டால் நான் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அனுமதியில்லாமல் வேலைக்கு வராத நாள். உண்மையை எழுதினால் பாஷாவின் கழுத்தில் கத்தி. அவன் பெயர் ஃபிட்டர் பதவி உயர்வுப் பட்டியலில் முதலாவதாக இருந்தது. நான் என்ன எழுதுவேன்?

எங்கள் வீட்டின் பின்சுவர் ஒரு விசைத்தறிக் கூடத்தின் சுவர். தறி ஓடினால் கட்டில் அதிரும், கட்டில் அதிர்ந்தால் தையல் அதிரும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். இது நல்ல யோசனை, நீங்களும் செய்யுங்கள். மலச்சிக்கல் ஆகவே கூடாது, முக்கக் கூடாது. இதையெல்லாம் சரியாகச் செய்தேன். கவலைப்படக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது.

யோசித்து யோசித்து, பழி என்னோடு போகட்டும் என்று ஒரு கடிதம் எழுதினேன். நாலு நாளைக்கும் நானே முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று. செல்வி கொண்டுபோனாள். போன வேகத்தில் அதே கவரோடு திரும்பி வந்தாள்.

"அந்தப் பொண்ணு சிரிச்சிகினே குடுத்துச்சி. 'குடல் மாட்டிக்கும்னு உங்க வீட்டுக்காரருக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சிருந்தா அப்பவே லீவு எழுதியிருக்கலாமே'ன்னு கேக்குது. நான் இன்னா சொல்றது?"

மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. வேலைக்கே போய்விடலாம், போனால் பிரச்சினை தீர்ந்தது என்று, செல்வி தடுத்தும் கேட்காமல் கிளம்பினேன். பஸ் குலுங்கின ஒவ்வொரு குலுக்கலுக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன்.

மேடம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "உடற்தகுதிச் சான்று எங்க அண்ணா?" (வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதித் தருவது.) "மருத்துவ விடுப்புல இருந்தா அது இல்லாம சேர முடியாதே."

"எனக்குத்தான் லீவே குடுக்கலியேம்மா?"

"ஆமா. குடுக்கல."

"அப்ப நான் லீவுல இல்ல."

"இல்ல."

"அப்ப டூட்டில சேத்துக்கங்க."

"சான்று இல்லாம எப்படி சேக்கறது?"

"அப்ப நான் எங்கதாம்மா இருக்கேன்?"

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "எனக்கும் அதான் பேஜாரா இருக்கு அண்ணா. விதில உங்களுக்கு எடமே இல்ல. அந்த நாலு நாளைக்கு நெசத்த எழுதிக் குடுங்க, ஒரே நாள்ல முடிச்சித் தரேன்."

கருவேப்பிலைக் கொத்துகூடத் தூக்காத உடம்பு, அன்று இந்தப் பேச்சையெல்லாம் சுமந்துகொண்டு திரும்பி வந்தது. தையல் ஓரம் சிவந்து வீங்கி, மறுபடி மாத்திரை. டாக்டர் திட்டிய திட்டில் ஓய்வு இன்னும் இரண்டு வாரம் கூடியது.

செய்தி கேட்டு பாஷா வந்தான். கட்டில் காலை எட்டி உதைத்தான்.

"எதுக்குடா ஆபீஸ் போன? அறிவிருக்கா?"

"உன் பேரு வரக்கூடாதுன்னுதான் பாய்."

"நாலு நாள் உன் தெருவயும் நான்தான் தொறந்தேன். தண்ணி வந்துச்சா இல்லியா? ஒரு பொம்பள கொடத்த தூக்கிகினு சண்டைக்கு வந்தாளா? நான் இன்னா திருடியா சைன் போட்டேன்?"

"லீவு லெட்டர் குடுன்னுதான் நான் சொன்னேன்."

"'என் லீவு'ன்னு சொன்ன. சேத்து சேத்து வெக்கிறவனாச்சே, கொறையாம பாத்துக்கன்னு சொல்றேன்னு நெனச்சேன்."

தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் நினைத்ததில் தப்பில்லை. என்னை அவ்வளவு நாளாக அறிந்தவன் அப்படித்தான் நினைப்பான்.

மறுநாள் பாஷா, என்னிடம் சொல்லாமல், தானே எழுதிக் கொடுத்துவிட்டான். மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் லீவு ஆர்டர் அந்த வாரமே வந்தது, நாலு நாளையும் சேர்த்து. பாஷாவுக்கு மெமோ வந்தது. அந்த வருஷப் பட்டியலில் ஃபிட்டர் வேலை அவனுக்கு அடுத்திருந்தவனுக்குப் போனது. அவன் அதைப் பற்றி என்னிடம் இன்றுவரை பேசியதில்லை. புது ஃபிட்டர் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். படுத்த முதல் நாளே, கோடு போடாத வெள்ளைத் தாளானாலும் சரி, உங்கள் கையால் நாலு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். சேர்த்துவைத்த லீவு வருகிற நோய்க்குத்தான். பெரிய நோய் எது, சின்ன நோய் எது என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது.

மறுபடி வேலையில் சேர்ந்து வருஷம் ஒன்றாகிறது. முன்பெல்லாம் வால்வைத் திருகும்போது சுற்றை எண்ணுவேன். எத்தனை சுற்று, எத்தனை தெரு, பொழுது அப்படித்தான் போகும். இப்போது ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு. மசியாவிட்டால் நிறுத்திவிடுகிறேன். இடது கை தானாக வயிற்றுக்குப் போய், குடல் மறுபடி பிதுங்காமல் இருக்க டாக்டர் உள்ளே வைத்துத் தைத்த வலை இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. தண்ணீர் கால் மணி நேரம் தாமதமாகப் போகிறது. ஒரு பெண்மணி ஏசினார். ஏசட்டும்.

போன மாதம் பாஷாவுக்குக் காய்ச்சல். அவன் தெருக்களையும் நானே திறந்தேன், மூச்சு மூச்சாக. முடிக்கும்போது வெயில் ஏறிவிட்டது. பம்ப் ஹவுஸில் பதிவேட்டைத் திறந்தால், அவன் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. பேனா கையில் இருந்தது. பழகிய கை, அது பாட்டுக்குப் போனது.

பேனாவை மூடி வைத்தேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஆரணிக்கு வந்து இறங்கி, அவன் வீட்டுக்கு நடந்தேன். இப்போது நான் எங்கும் மெதுவாகத்தான் நடக்கிறேன்.

போர்வைக்குள்ளிருந்து முகத்தை மட்டும் நீட்டினான். "இன்னாடா, சாவப் போறேன்னு சைன் வாங்க வந்துட்டியா?"

"எழுந்து உக்காரு பாய். லீவு லெட்டர்."

"ஒரு நாளைக்கா? நீயே போட்டு உடேன்."

"மாட்டேன்."

அவன் முனகிக்கொண்டே எழுந்து, தாளை என் முதுகில் வைத்து நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டான். பேனா முனை சட்டை வழியாக முதுகில் ஊர்ந்தது. அவன் முடிக்கும்வரை அசையாமல் நின்றிருந்தேன். அவசரம் ஒன்றுமில்லை.