ரோபோ ஆபரேஷனில் ரம்பத்துக்கு என்ன வேலை

1. சிவந்த திரை

ஆபரேஷன் தியேட்டரில் இருந்த பெரிய திரை ஒரே நொடியில் சிவந்துபோனது. அதுவரை சுரப்பி, கொழுப்பு, நரம்பு என்று எல்லாம் துல்லியமாகத் தெரிந்த இடத்தில் ரத்தத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

நான் ஸ்க்ரப் நர்ஸ். டேபிள் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், ரோபோவின் கைகளில் அவற்றை மாட்டுவதும் என் வேலை. பாரூரில் கரும்பு போடுகிற குடும்பத்திலிருந்து வந்து, ஓசூரில் இருபத்திரண்டு வருடம் தியேட்டரிலேயே நின்றவள். ரத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனால் ரோபோ கேஸில் டாக்டர் நோயாளியின் பக்கத்தில் இருக்க மாட்டார். பத்தடி தள்ளி, ரோபோவை இயக்கும் கன்சோலில் முகம் புதைத்து உட்கார்ந்திருப்பார். நெஞ்சைத் திறக்க வேண்டுமென்றால் அவர் எழுந்து, கை கழுவி, கவுன் மாட்டி வர வேண்டும். அதற்குள் நாங்கள் ரோபோவின் நான்கு கைகளையும் கழற்றி, அதைத் தள்ளி வழிவிட வேண்டும்.

2. சரளா

டேபிளில் படுத்திருந்தவள் சரளா. வயது முப்பத்தொன்று. சாத்தூர்ப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி ஓசூர் வந்தவள். வண்டி உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. மதியத்துக்கு மேல் இமை தானாகச் சரியும். ஒரு போல்ட் இரண்டாகத் தெரியும். டியூட்டியில் தூங்குகிறாள் என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை மெமோ கொடுத்தாராம். சோறு விழுங்கவே சிரமமான பிறகுதான் டாக்டரிடம் வந்தாள். மயஸ்தீனியா என்கிற தசை பலவீன நோய். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் சுரப்பியில் ஒரு கட்டியும் இருந்தது.

நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து கட்டியை எடுத்தால், மூச்சுத் தசையும் பலவீனமான அவள் தேறுவது கஷ்டம். விலா எலும்புகளுக்கு நடுவே விரல் அகலத்துக்குத் துளை போட்டு ரோபோவால் எடுத்துவிடலாம் என்று எங்கள் சர்ஜன் டாக்டர் ரகுராமன் முடிவு செய்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் சரளா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க லைன்லயும் ரோபோ இருக்கு. மாட்டிக்கிச்சுன்னா செவப்பு பட்டனை அமுக்கிட்டு ஒதுங்கிருவோம். இங்க மாட்டிக்கிச்சுன்னா நான்ல உள்ள கெடப்பேன்?"

"அது தானா ஒண்ணும் பண்ணாதும்மா. டாக்டர் கை அசைச்சாதான் அதுவும் அசையும். ஏதாச்சும்னா ஒரு நிமிஷத்துல கழட்டிருவோம்."

அந்த ஒரு நிமிஷம் ஆறுதலுக்குச் சொன்னதில்லை. ரோபோ வந்த புதிதில் சனிக்கிழமைதோறும் ஒரு பொம்மையைப் படுக்கவைத்துக் கழற்றிப் பழகினோம். முதல் தடவை நாலு நிமிஷத்துக்கு மேல் ஆனது, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டோம். யார் எந்தக் கையைக் கழற்றுவது, யார் தள்ளுவது என்று நான் பிரித்துக் கொடுத்த பிறகு ஒரு நிமிஷத்துக்குள் வந்தது.

இன்னொரு பிடிவாதமும் எனக்கு உண்டு. ஒவ்வொரு ரோபோ கேஸுக்கும் நெஞ்செலும்பு அறுக்கும் ரம்பத் தட்டையும் உறை பிரித்துத் தயாராக வைப்பேன். தியேட்டர் மேனேஜருக்கு அது பிடிக்காது.

"ஏன் சிஸ்டர், ரோபோ ஆபரேஷன்ல ரம்பத்துக்கு என்ன வேலை? தெனமும் எல்லாத்தையும் திரும்ப ஸ்டெரிலைஸ் பண்றாங்க."

"வேலையில்லாமலே திரும்பிப் போவட்டும் சார்" என்பேன்.

3. ஐந்து நிமிஷம்

"பெரிய வெயின் கிழிஞ்சிருச்சு. காஸ்" என்றார் டாக்டர், திரை சிவந்த அதே நொடியில் கன்சோலிலிருந்து.

சுருட்டிய காஸ் துணி என் கையிலேயே இருந்தது. அசிஸ்டன்ட் டாக்டர் நஸ்ரின் அதை வாங்கித் துளை வழியே உள்ளே விட்டார். அவர் குழாயால் ரத்தத்தை உறிஞ்ச, ரோபோவின் கை காஸைப் பிடித்துக் கிழிசல்மேல் அழுத்தியது. மயக்க மருந்து டாக்டர், "பிரஷர் எழுபது. ரத்தம் ஏத்துறேன்" என்றார்.

"ஓபன் பண்ணிடலாமா?" டாக்டர் ரகுராமன் குரல் இறுகியிருந்தது. "சிஸ்டர், ரம்பம்?"

"ரெடி சார். கழட்டவும் அவங்கவங்க எடத்துல நிக்கிறாங்க. ஆனா காஸ் மேல இன்னும் நனையல சார், அமுக்குனதுல ரத்தம் நிக்குது."

அவரும் திரையைப் பார்த்தார். காஸின் மேல்பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

"அப்போ அஞ்சு நிமிஷம் அமுக்குறேன். டைம் சொல்லுங்க."

ஒவ்வொரு நிமிஷமாகச் சொன்னேன். யாரும் அசையவில்லை. மூன்றாவது நிமிஷத்தில் பிரஷர் தொண்ணூறுக்கு ஏறியது. ஐந்து ஆனதும் காஸின் ஓரத்தை மெல்லத் தூக்கினார். அரிசி அளவுக்கு ஒரு கிழிசல், கசிவு மட்டும்தான். உள்ளே சிக்காத நீளத்துக்கு நூலை வெட்டிக் கொடுத்தேன். மூன்று தையல். திரை தெளிந்தது. கட்டியும் முழுசாக வெளியே வந்தது.

ஆபரேஷன் முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்த டாக்டர், சரளாவின் கணவரிடம் எதையும் மறைக்கவில்லை.

"நடுவுல ஒரு ரத்தக்குழாய் கிழிஞ்சுது. என் கையாலதான். தச்சுட்டோம், நல்லா இருக்காங்க." பிறகு என்னைக் காட்டினார். "நெஞ்சைத் தொறக்காம நான் பொறுமையா இருந்தேன்னா, இவங்க எல்லாத்தையும் தயாரா வெச்சிருந்ததுதான் காரணம்."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சர்ஜன் நோயாளி வீட்டாரிடம் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. "பரவால்ல சார்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனேன். கருவிகளைக் கழுவிவிட்டு, ரம்பத் தட்டை வேலையில்லாமலே திருப்பி அனுப்பினேன். சந்தோஷமாகத்தான்.

சரளா அடுத்த வாரமே வீட்டுக்குப் போனாள். மாத்திரை இன்னும் கொஞ்ச காலம் வேண்டும். ஆனால் சாப்பாடு நன்றாக இறங்குகிறது, வேலைக்கும் திரும்பிவிட்டாள். மேனேஜர் இப்போது அந்தத் தட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

புது மெஷின் வந்தால், அது என்னவெல்லாம் செய்யும் என்று விற்றவர்கள் வந்து சொல்லித் தருவார்கள். அந்த மெஷினால் முடியாமல் போகும் நிமிஷத்தில் யார் எங்கே நிற்பது என்பதை நாம்தான் பழகிக்கொள்ள வேண்டும்.